தொப்பிக் கதிரையும் ஒரு சொறியும்

எங்கள் தேவாலயத்தின் பங்கு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழு அன்ரன் வந்து நின்றபோது, "ஏன், டொக்டர்மார் ஒருத்தரும் அம்பிடேல்லையோ?" என்று கேட்டேன். அவர் மறைக்கிற ஆள் இல்லை.

"கேட்டனாங்கள் அண்ணை. அவைக்கு நேரமில்லையாம். எக்கவுண்டன்ற் ஒருத்தர் தாறன் எண்டவர், அவரும் வழுக்கிப்போட்டார்."

ஆகவே இந்த வருசம் ஓய்வுபெற்றோர் பக்கம் கதிரை தூக்கினவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. லண்டன் நடுவிலுள்ள ஒரு பழம்பொருள் ஏலக் கம்பனியில் இருபத்திரண்டு வருசம் போர்ட்டராக இருந்தேன். போர்ட்டர் என்றால் தூக்கி வைப்பவன், திருப்பிக் காட்டுபவன், பிறகு ஒதுங்கி நிற்பவன். போன சித்திரையில் ஐம்பத்தேழு வயதில் ஓய்வு. வயது போய் இல்லை; என் முதுகு எனக்கு முந்தியே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டது.

பகிடியாக நாலு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் போனில் ஒரு படம் வந்தது. கூட வேலை செய்த டெரன்ஸ் அனுப்பியிருந்தான். பத்து வருசத்துக்கு முன் எங்கள் கம்பனி விற்ற ஒரு சீனக் கதிரை திரும்பவும் அங்கேயே ஏலத்துக்கு வந்திருக்கிறது. ஏலக் கற்றலொக்கில் அதன் விவரத்தின் கடைசி வரியைச் சிவப்பால் வளைத்திருந்தான்: இடது கை, போர்ட்டர் கையாளும்போது உடைந்தது, பழுது பார்க்கப்பட்டது.

அந்தப் போர்ட்டர் நான். உடைத்தது நான் இல்லை. இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவிலேதான் என் உத்தியோகம் முழுக்கக் கிடக்கிறது.

பழகின காலத்தைச் சுருக்கிவிடலாம். முதல் வருசம் சித்திரங்களுக்குப் பின்னால் கயிறு கட்டினேன். இரண்டாம் வருசம் பீங்கான் சுற்றினேன். ஒன்றும் உடைக்கவில்லை. மூன்றாம் வருசம் மரியதாஸ் என்ற என் பேர் மரியோ ஆகி, சீனத் தளபாடப் பகுதிக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே பெரியவர் மிஸ்டர் ஹார்டிங்.

உயரமான மனிசன். உரத்துப் பேசமாட்டார். எது நடந்தாலும் "அப்படியா" என்பார். கூரை ஒழுகினாலும் அப்படியா, மகளுக்குக் கலியாணம் என்று யாரும் சொன்னாலும் அப்படியா. "நன்றி, மரியோ" என்றால் வெளியே போ என்று அர்த்தம். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஆறு மாதம் எடுத்தது. அதுவரை "பரவாயில்லை சேர்" என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நிற்பேன்.

அவரிடம் நான் படித்தது கதிரை. எங்களுக்குக் கதிரை என்றால் குந்துகிற சாமான். அந்தக் காலச் சீனக் கதிரை ஆளைக் குந்த விடாது, நிமிர்த்தி வைக்கும். அதிலே தொப்பிக் கதிரை என்று ஒரு வகை. மேல் சட்டத்தின் இரண்டு அந்தமும் தூண்களைத் தாண்டி வெளியே நீண்டு, அந்த நாட்டு உத்தியோகத்தரின் சிறகு வைத்த தொப்பி போல இருக்கும். கைகளின் நுனியும் அப்படியே வெளியே நீளும். பின்கால்கள் இருக்கையோடு முடியாது. நிலத்திலிருந்து இருக்கைச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு மேல் சட்டம் வரை ஒரே மரம் போகும். முதுகுக்கு ஒரேயொரு பலகை. பக்கத்திலிருந்து பார்த்தால் மனிசன்ர முள்ளந்தண்டின் வளைவு. இவ்வளவுக்கும் ஒரு ஆணி இல்லை. ஒரு மரத்தில் துளை, மற்றதில் அந்தத் துளைக்கென்றே செதுக்கின நாக்கு. பசையும் அனேகமாய் இல்லை. மரம் கோடைக்கு ஒரு அளவு, மாரிக்கு ஒரு அளவு. பொருத்துகள் அதற்கு இடம் விட்டுக் கொடுக்கும்.

கால்களை இணைக்கிற குறுக்குச் சட்டங்கள் நாலும் ஒரே உயரத்தில் வராது. முன்னது தாழ, பக்கத்தவை கொஞ்சம் மேலே, பின்னது அதற்கும் மேலே. ஒரே இடத்தில் இரண்டு துளை விழுந்தால் கால் பலமிழந்துபோகும் என்பது தச்சனின் காரணம். அதில் இருக்கிறவர் உத்தியோகத்தில் படிப்படியாய் உயருவார் என்பது வீட்டுக்காரரின் காரணம். இருக்கிறவருக்குத்தான் அந்தப் பலன், தூக்குகிறவனுக்கு இல்லை. பத்து வருசம் பரீட்சித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முன் சட்டம் பாதம் வைக்க. இருக்கை எங்கள் கதிரைகளைவிட உயரம், நிலமோ குளிர். வீட்டுத் தலைவரோ, மதிப்பான விருந்தாளியோ ஏறியிருந்து பாதத்தை அந்தச் சட்டத்தில் வைப்பார். மற்றவர்களுக்கு முக்காலி, அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு நிற்கிற உரிமை. நெடுங்காலம் ஆட்கள் இருந்த கதிரை என்றால் முன் சட்டத்தின் மேல்பக்கம் தேய்ந்து வழுவழுத்துப் பள்ளமாகியிருக்கும். மிஸ்டர் ஹார்டிங் அந்தப் பள்ளத்தைப் பெருவிரலால் தடவிப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பிள்ளைத்தனம் வரும்.

கதிரை சோதிக்கிற முறை ஒன்று வைத்திருந்தார். சப்பாத்து நாடாவை அவிழ்ப்பார். சப்பாத்து இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைப்பார். கதிரையில் ஏறியிருந்து, பாதங்களைச் சட்டத்தில் வைத்து, முதுகைப் பலகையில் பொருத்தி, கண்ணை மூடுவார். ஒரு நிமிசம். அந்த ஒரு நிமிசம் அறையில் ஒருவரும் இருமக்கூடாது. பிறகு கண்ணைத் திறந்து "சரி" என்பார், அல்லது "இல்லை" என்பார். 'சரி' என்றால் பழுது பார்க்கப்படாதது என்று கற்றலொக்கில் அவர் கையாலேயே எழுதுவார். அந்த வரிக்காகவே நாடு நாடாய் இருந்து ஆட்கள் வருவார்கள்.

அடுத்தது மூக்கு. ஒருமுறை கப்பலில் வந்த கதிரையொன்றின் கால் வழியில் உடைந்து வந்தது. உடைந்த முகத்தை என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். ஏலக்காய் போட்ட பாலை அடியில் கொஞ்சம் கருக விட்டதுபோல ஒரு மணம். உள்மரம் செம்மஞ்சளாய் மினுங்கியது.

"புது உடைவு பேசும், மரியோ," என்றார். "பழைய உடைவு வாயை மூடிக்கொண்டிருக்கும்."

பழைய உடைவுக்கு இருக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தூக்குகிற முறையும் ஒன்று உண்டு. மேல் சட்டத்தில் பிடிக்கக்கூடாது, கைகளில் பிடிக்கவே கூடாது. முழங்காலை மடித்து, இருக்கைச் சட்டத்துக்குக் கீழே இரண்டு உள்ளங்கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். எனக்குப் பிறகு வந்த போர்ட்டர்களுக்கு, "மரியோ தூக்கிறதைப் பார், அப்பிடித் தூக்கு" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். என்னிடம் இருந்த ஒரே பட்டம் அதுதான்.

கடைசி விதி, போர்ட்டர்கள் கதிரையில் இருக்கக்கூடாது. பத்து வருசம் ஒரு நாளைக்கு முப்பது கதிரை தூக்கியிருக்கிறேன், ஒன்றிலும் இருந்ததில்லை.

பிறகு இந்தக் கதிரை வந்தது. தேன் நிறம். மிஸ்டர் ஹார்டிங் சப்பாத்தைக் கழற்றினார், இருந்தார், கண்ணை மூடினார். "சரி" என்றார். மூன்று கிழமை கழித்து, பார்வையாளர் வருவதற்கு முதல்நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அந்த அறையில் அதுவும் நானும் தனியே.

ஏன் அதில் ஏறியிருந்தேன் என்று கேட்காதீர்கள். இருந்தேன். சப்பாத்தைக் கழற்றி அவரைப்போலவே சுவரோரம் வைத்தேன். பாதத்தைச் சட்டத்தில் வைத்தேன். முதுகுப் பலகை வந்து முதுகின் அடியில், நாரியில் கைகொடுத்தது பாருங்கள், நாற்பத்தேழு வயதில் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு முள்ளந்தண்டு இருக்கிறதென்று தெரிந்தது. தோள் தானாய் விரிந்தது, நாடி தானாய் நிமிர்ந்தது. வெறும் சுவரைப் பார்த்து, "ஹார்டிங், அந்த அலுமாரியைக் கொஞ்சம் அங்காலை தள்ளும்" என்று தமிழில் உத்தரவு போட்டேன். "நன்றி, ஹார்டிங்" என்றும் சொன்னேன்.

லிப்ட் சத்தம் கேட்டது. எழும்பிப் பாய்ந்தேன். பாயும்போது 'க்ரிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கதிரையா, என் முழங்காலா என்று அந்த நேரம் தெரியவில்லை.

அடுத்தநாள் காலை கொள்வனவாளர் ஒருவர் வந்தார். அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்றார். மிஸ்டர் ஹார்டிங் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முழங்காலை மடித்தேன், உள்ளங்கைகளை இருக்கைச் சட்டத்துக்குக் கீழே கொடுத்தேன், தூக்கினேன், முழந்தாளிட்டுச் சரித்தேன். இடது கை பின்தூணிலிருந்து கழன்று, பழுத்த இலைபோல ஒரு சத்தமும் இல்லாமல் என் மடியில் வந்து விழுந்தது. துளைக்குள் போகிற நாக்கு முறிந்து, பாதி துளைக்குள்ளேயே நின்றது.

"சொறி," என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் லண்டனில் முதல் படித்த சொல் அது. பஸ்ஸில் எங்கள் காலை ஆரும் மிதித்தால் நாங்கள்தான் சொறி சொல்வோம். செத்தவீட்டுக்குப் போய்ச் சொல்கிற சொறிக்கு, நான்தான் கொன்றேன் என்றா அர்த்தம்? கேள்வி கேட்கிறதுக்கு முந்தியே நெஞ்சில் தட்டிப் பாவத்தை ஏற்றுக்கொள்ளப் பழக்கி வளர்த்த பிள்ளைகள் வேறு நாங்கள். வாய் திறந்தால் முதல் வருவது அதுதான். தமிழில் சொறி என்றால் என்ன தோல் வருத்தம் என்றும் உங்களுக்குத் தெரியும். ஒருக்கால் சொறியத் தொடங்கினால் நிற்பாட்ட ஏலாது. அன்றைக்கு நான் நாலு தரம் சொன்னேனாம். கொள்வனவாளருக்கு ஒன்று, மிஸ்டர் ஹார்டிங்குக்கு இரண்டு, கதிரைக்கு ஒன்று.

மிஸ்டர் ஹார்டிங் கழன்ற கையை என் மடியிலிருந்து எடுத்தார். முறிவைப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "அப்படியா," என்றார்.

நேற்று அதில் இருந்தேனே, எண்பத்துநாலு கிலோ. சிறைக்கு அனுப்புவார்களா? நாடு கடத்துவார்களா? பிரிட்டிஷ் கடவுச்சீட்டு எடுத்துப் பத்து வருசம் என்பதே அந்த நேரம் மறந்துபோனது. சிறைக்குப் புட்டுக் கொண்டுவர விடுவார்களா, அதைப் பரிசோதிக்கிறோமென்று கிண்டிக் கிளறுவார்களா என்பது வரைக்கும் யோசித்தாயிற்று.

டெரன்ஸ் என்னை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தான். லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவன், இருபது வருசப் போர்ட்டர். அவன் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் போடுகிறேன். "விசரா, இஞ்சை ஏதும் உடைஞ்சால் முதல் கேக்கிறது 'கடைசியாய் ஆர் தொட்டது' எண்டு. சொறி எண்ட சொல்லைக் கடைசியாய்த்தான் சொல்லோணும். அதுவும் யூனியன்காரன் பக்கத்திலை இருந்தால். இனி வாயைத் திறவாதை."

"ஓம்," என்றேன். அரை மணித்தியாலத்தில் திறந்தேன்.

அலுவலகத்தில் ஒரு அம்மணி படிவத்தோடு இருந்தா. அன்பான முகம்.

"உடனேயே மன்னிப்புக் கேட்டீர்கள், இல்லையா?"

"யெஸ்."

"அப்படியென்றால் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறீர்கள்."

"சொறி?" என்றேன். விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்ற அர்த்தத்தில். அதையும் எழுதினா.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அந்த இடத்தில் டெரன்ஸின் முகம் ஞாபகம் வந்தது. ஆனாலும் அந்த அம்மணி தலையைச் சாய்த்துக் காத்திருந்த விதம் பாவம் கேட்கப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சுவாமியார் காத்திருக்கிற மாதிரியே இருந்தது. கேளாத பாவத்தையும் சொன்னேன். நேற்று அதில் இருந்தேன் என்றேன். எவ்வளவு நேரம் என்றா. மூன்று நிமிசம் என்றேன். கையெழுத்துப் போட்டேன். படிவத்தின் கீழே மிஸ்டர் ஹார்டிங்கின் கையெழுத்து எனக்கு முந்தியே இருந்தது. அதை அந்த நேரம் நான் கவனித்தும் கவனிக்கவில்லை.

மோர்டன் போகிற ரெயினில், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. கழன்ற கை என் மடியில் கிடந்ததே. நான் முகர்ந்தேனா? முகரத் தேவையில்லை, அவ்வளவு கிட்ட இருந்தால் மணம் தானாய் வரும். வரவில்லை. மெழுகு மணம் மட்டும்தான். முறிவின் முகம் எப்படி இருந்தது? கண்ணை மூடி ஞாபகப்படுத்தினேன். செம்மஞ்சள் இல்லை, கறுப்பு. ஓரத்தில் நகத்தளவுக்கு மஞ்சளாய், காய்ந்த சளிபோல ஒரு பளபளப்பு. பழைய பசை. எனக்கும் மிஸ்டர் ஹார்டிங்குக்கும் முந்தின ஆரோ ஒருவர் உடைத்து, ஒட்டி, பேசாமல் இருந்திருக்கிறார். அந்தப் பசை செத்துப்போன நாளில் என் கை அதிலே இருந்தது. அவ்வளவுதான். கென்னிங்ரனில் இறங்குகிற ஒரு பெண்ணின் காலை மிதித்துவிட்டு, சந்தோசத்தில் சொறி சொல்ல மறந்துபோனேன்.

வீட்டில் மனிசி ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கேட்டா, "எல்லாம் சரி. நீங்கள் ஏன் சொறி எண்டனீங்கள்?"

"வாயிலை வந்திட்டுதப்பா."

"வீட்டிலை இருபது வருசமாய் ஒருக்காலும் வரேல்லையே."

அடுத்தநாள் எட்டரைக்கு மிஸ்டர் ஹார்டிங்கின் கதவைத் தட்டினேன். சொன்னேன். மணம் இல்லை, கறுப்பு, பசை. மேசையில் இருந்த பேனையை ஒழுங்காய் வைத்தபடி கேட்டார்.

"கை இப்போது எங்கே, சேர்? திருப்பி ஒருக்கால் பார்த்தால் தெரியும்."

"நேற்றுப் பின்னேரமே பழுது பார்க்கிறவரிடம் போய்விட்டது. அவர் துப்புரவாக்கி ஒட்டியிருப்பார்."

"சேர், நீங்களும் முகர்ந்து பார்த்தீங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். பத்து வருசத்தில் அவர் என்னைப் பார்த்தது அந்த ஒரு தரம்தான் என்று நினைக்கிறேன். மற்ற நேரமெல்லாம் என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"மரியோ, நீ மன்னிப்புக் கேட்டாய். எல்லாருக்கும் முன்னால்."

"அது எங்கட ஆக்களின்ர பழக்கம், சேர். ஆரும் விழுந்தாலும் சொல்லுவம்."

"நல்ல பழக்கம்," என்றார். "அதைக் கெடுக்காதே. நன்றி, மரியோ."

வெளியே வந்தேன். இந்த முறை உடனே விளங்கிவிட்டது.

பத்து வருசமாய் யோசித்துப் பார்க்கிறேன். அந்த மனிசன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கண்ணை மூடி 'சரி' என்ற கதிரை அது. பழுது பார்க்கப்படாதது என்று தன் கையால் எழுதின வரி. முறிவு பழசு என்றால் அந்த வரி பிழை, அவருடைய முதுகு பிழை, மூக்கு பிழை. முறிவு புதிசென்றால் ஒரு போர்ட்டர் மட்டும் பிழை. நான் நாலு தரம் சொன்ன சொல்லைப் பொறுக்கியெடுத்துத் தன் வரிக்கு மேலே போட்டு மூடிக்கொண்டார். இதற்குக் கெட்டவனாய் இருக்கத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. மேற்கு லண்டனில் இருந்த களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். பியானோ, அலுமாரி, சாப்பாட்டு மேசை. ஒரு நுட்பமும் தேவையில்லாத பாரங்கள். அங்கே புதிதாய் வந்த ஒரு போர்ட்டர் முதல்நாளே கேட்டான், "நீங்கள்தானே அந்தச் சீனக் கதிரையிலை குந்தி உடைச்ச ஆள்?" குந்தி உடைத்த ஆள். தூக்குகிற முறைக்கு உதாரணமாய்க் காட்டப்பட்ட கைகளுக்கு இது கிடைத்த பேர். பத்து வருசம் அந்தப் பேரோடு பியானோ தூக்கினேன். நாரியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருந்த தட்டு வெளியே தள்ளியது. அதன் படத்தை எனக்குக் காட்டினார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வளைந்து, அந்த முதுகுப் பலகையின் அதே வளைவு. ஒரு பொருத்து மட்டும் போயிருந்தது.

மிஸ்டர் ஹார்டிங் எனக்கு முந்தியே ஓய்வு பெற்றார். பெரிய விருந்தாம். டெரன்ஸ்தான் சொன்னான், பேச்சில் ஒருவர், இவர் வாழ்நாளில் ஒரு கதிரையிலும் பிழை விடவில்லை என்றாராம். கைதட்டினார்களாம்.

போன வியாழக்கிழமை அந்தக் கதிரையின் பார்வை நாள். டெரன்ஸின் படம் வந்ததிலிருந்து நித்திரை சரியில்லை. ஜெசிந்தா, "போய்ப் பாத்திட்டு வாங்கோ, இல்லாட்டி என்னைக் கட்டில்லை படுக்க விடமாட்டியள்" என்றா. ரெயினில் நின்றபடி இங்கிலீஷில் பேச்சைப் பாடமாக்கினேன். அந்த வரியை மாற்ற வேண்டும், முறிவு பழசு, காரணம் இன்ன இன்ன. சொறி என்ற சொல் வராமல் வசனங்களை அமைத்திருந்தேன். கஷ்டமான வேலை, செய்து பாருங்கள்.

கதிரை ஒரு மேடையில் நின்றது. நிறம் மாறவில்லை. நாரியைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து இடது கையின் பொருத்தைப் பார்த்தேன். நல்ல வேலை, கோடு தெரியவில்லை. பழுது பார்த்தவர் என் சாட்சியை மிக நேர்த்தியாய் ஒட்டி மூடியிருந்தார். பார்வை முன் சட்டத்துக்கு இறங்கியது. அந்தத் தேய்வில் மூன்று நிமிசம் என்னுடையது.

பகுதிக்குப் பொறுப்பான பிள்ளை வந்தா. இளம் பெண், கழுத்தில் அட்டை. "உதவி வேண்டுமா, சேர்?"

"இந்த வரி பிழை," என்று கற்றலொக்கைக் காட்டினேன். பாடமாக்கின பேச்சை ஒழுங்காய்ச் சொன்னேன். மணம், நிறம், பசை. அவ உண்மையாகவே கவனமாய்க் கேட்டா. குனிந்து பொருத்தை முகர்ந்தும் பார்த்தா.

"ஒன்றும் மணக்கவில்லையே," என்றா.

"அன்றைக்கும் மணக்கவில்லை, அதைத்தான் சொல்றன்."

அவ கையிலிருந்த கணினித் தட்டில் எதையோ தேடினா. "எங்கள் பதிவில், அந்தப் போர்ட்டர் அப்போதே மன்னிப்புக் கேட்டார் என்று இருக்கிறது. நாலு முறை. கையெழுத்தும் இருக்கிறது. மிஸ்டர் ஹார்டிங்கும் உறுதிப்படுத்தியிருக்கிறார்." பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டா.

"அந்தப் போர்ட்டர் நான்தான்."

அவவின் முகம் மாறியது. நல்ல பிள்ளை. கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது.

"ஓ," என்றா. "ஐ ஆம் ஸோ சொறி."

தன்னுடைய பிழையே இல்லாத ஒன்றுக்கு, அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டா. நான் அவசரமாய்ச் சுற்றும் முற்றும் பார்த்தேன், ஆராவது எழுதுகிறார்களோ என்று.